எளிதில் நடக்கக்கூடிய பாதை

சிறுவர்களும் முதியவர்களும் எளிதில் நடக்கக்கூடிய பாதை என்று வனத்துறைப் பலகையில் எழுதியிருக்கிறது. எளிது என்று யார் முடிவு பண்ணியது, எழுதினவர் நடந்து பார்த்துவிட்டு எழுதினாரா, இல்லை ஜீப்பில் வந்து பலகையை நட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டாரா. லோகித் அதை ஒரே மூச்சில் படித்துவிட்டு, "ஈசியாம்க்கா" என்கிறான். "ஈசிதான், வா" என்கிறேன். என் தம்பி. ஒன்பது வயது. இன்றைக்கு அவன் அருவி வரைக்கும் தன் காலால் நடந்து போய் நிற்க வேண்டும், வேறு ஒன்றும் இல்லை. அதற்காகத்தான் அம்மா மில்லுக்கு லீவு சொல்லி, அப்பா வாழைக்காய் லோடை வேறு ஆளுக்குத் தள்ளிவிட்டு, ராஜபாளையத்திலிருந்து அப்பாவின் லோடு ஆட்டோவில் பாய் விரித்து உட்கார்ந்து வந்திருக்கிறோம். அடுத்த வருஷம் பார்த்துக்கலாம் என்று எங்கள் வீட்டில் இனி எதையும் சொல்ல முடியாது. ஏறுவது முதலில் போகும், அப்புறம் நடப்பது போகும், பன்னிரண்டு வயசு வாக்கில் சக்கர நாற்காலி என்று மதுரை டாக்டர் சொன்னார். பஸ் எந்தெந்த ஊரில் நிற்கும் என்று சொல்வதுபோல வரிசையாகச் சொன்னார். லோகித்துக்கு இது தெரியாது. தெரியக் கூடாது. ஒருநாள் மத்தியானம் அவன் தூங்கிக்கொண்டிருந்தபோது அம்மா என் கையைப் பிடித்து இழுத்து அவன் தலைமேல் வைத்துச் சத்தியம் வாங்கினாள், ஏனென்றால் வீட்டில் வாயை அடக்கத் தெரியாத ஆள் நான் ஒருத்திதான். அவன் முடி வியர்வையில் நனைந்திருந்தது. சத்தியத்தை மீறினால் அவனுக்கு ஏதாவது ஆகிவிடும். இதுக்கு மேல என்ன ஆகணும் என்று கேட்க வந்தது. கேட்கவில்லை. கேட்டிருந்தால் அம்மா அந்த இடத்திலேயே உடைந்திருப்பாள், அதைத் துடைக்கிற பொறுமை எனக்குக் கிடையாது.

கேட்டில் வனத்துறை வாட்சர் ஒருத்தர் பையைத் திறந்து காட்டச் சொல்கிறார். காக்கிச் சட்டை, கழுத்தில் விசில், வாயில் பாக்கு. சிப்ஸ் பாக்கெட்டை எடுத்துத் தனியாக வைக்கிறார், ஷாம்பு பாக்கெட்டைத் தூக்கிப் பிடித்து, "இது எதுக்கும்மா, மீனுக்கு முடியா இருக்கு?" என்கிறார். அம்மா சிரிக்கிறாள், லோகித் அதைவிட அதிகமாகச் சிரிக்கிறான், சிரித்துக்கொண்டே அவரிடம், "அண்ணே, யானை இருக்கா" என்கிறான். "இருக்கு. சாயங்காலம் தண்ணி குடிக்க வரும். அதான் மூணு மணிக்கு விசில் அடிப்பேன், விசில் கேட்டா எங்க நிக்கிறீங்களோ அங்கயே திரும்பிரணும். யானை டிக்கெட் எல்லாம் கேட்டுக்கிட்டு நிக்காது." "எவ்வளவு தூரம்ண்ணே?" என்று அப்பா கேட்கிறார். "பேசிக்கிட்டே போனா அரை மணி நேரம்." அப்பா செல்லைப் பார்க்கிறார், ஒரு மணிதான் ஆகிறது. "அப்ப நேரம் நெறையக் கெடக்கு" என்று சொல்லி லோகித்தின் தோளைத் தட்டுகிறார். தட்டுகிற கையில் பலம் இல்லை, பலமாகத் தட்டினால் அவன் விழுந்துவிடுவான், அது அந்தக் கைக்கே தெரிந்துவிட்டது. முன்னெல்லாம் இதே கை அவன் கெண்டைக்காலைப் பிடித்து வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் காட்டும், பாருங்க, எம்புட்டு தெரட்சி, போலீஸ்ல சேத்துவிட வேண்டியதுதான். சொந்தக்காரர்கள் எல்லாரும் தொட்டுப் பார்த்துப் பெருமைப்பட்டோம். அந்த வீக்கம்தான் நோய். சதை இருக்க வேண்டிய இடத்தில் கொழுப்பு ஏறி உட்காருகிறதாம். நாங்கள் கண்ணுபட்டுவிடக் கூடாது என்று கறுப்புக் கயிறு கட்டினது அந்தக் காலுக்குத்தான்.

பாதை உண்மையிலேயே எளிதுதான், அதுதான் எரிச்சல். இரண்டு பக்கமும் மரம், கீழே உலர்ந்த இலை, இடையிடையே கல் பதித்திருக்கிறார்கள், ஏற்றம் என்று சொன்னால் சிரிப்பார்கள். ஒரு தாத்தா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எங்களைத் தாண்டிப் போகிறார். சில்வண்டு காதுக்குள் ரம்பம் போடுகிற மாதிரி விடாமல் அறுக்கிறது. ஈர மண்ணும் யானைச் சாணமும் கலந்த வாசனை, எனக்கு அது பிடித்திருக்கிறது. பள்ளிக்கூடத்தில் இப்படி ஒரு வாசனையும் கிடையாது, சாக்பீஸும் பாத்ரூமும்தான். பிளஸ் ஒன் கெமிஸ்ட்ரியில் ஃபெயிலாகி, அதற்கப்புறம் நான் போகவே இல்லை, இப்போது பேக்கரியில் பஃப்ஸ் அடுக்குகிறேன். தம்பிக்காகத்தான் நின்னுட்டா என்று அம்மா தெருவில் சொல்லி வைத்திருக்கிறாள். தம்பிக்காக இல்லை, பிடிக்கவில்லை, நின்றுவிட்டேன். ஆனால் அம்மாவுக்கு எல்லாவற்றுக்கும் தம்பி ஒரு காரணமாக வேண்டும், அல்லது தம்பிக்கு எல்லாரும் ஒரு காரணமாக வேண்டும். லோகித் நுனிக்காலில் நடக்கிறான், வயிற்றை முன்னால் தள்ளி, இடுப்பை இங்கிட்டும் அங்கிட்டும் ஆட்டி. அந்த நடையைப் பார்க்கக் கூடாது என்று முன்னால் போனேன், முன்னால் போனால் அவன் காலடிச் சத்தம் மட்டும் கேட்டது, அது பார்ப்பதைவிட மோசம். பின்னால் வந்துவிட்டேன்.

முதல் வளைவிலேயே அம்மா ஆரம்பித்துவிட்டாள். "ஸ்ஸ், அப்பாடா. எனக்கு மூச்சு வாங்குது ராசா, செத்த உக்காருவோமா?" மில்லில் எட்டு மணி நேரம் நின்றுகொண்டே வேலை செய்கிற பொம்பளை. இதுதான் எங்கள் வீட்டு வழக்கம். லோகித்துக்கு முடியவில்லை என்று தெரிந்தால் யாராவது ஒருத்தருக்கு உடனே முடியாமல் போக வேண்டும். யாரும் பேசி வைத்துக்கொள்ளவில்லை, பஸ் ஸ்டாண்டு படியில் அம்மா ஒருநாள் ஆரம்பித்தாள், அப்புறம் அப்பா பிடித்துக்கொண்டார், அப்புறம் நானும். அம்மாவுக்கு மூச்சு வாங்கும். அப்பாவுக்கு போன் வரும். எனக்கு போட்டோ எடுக்க வேண்டும். நான் ஒரு மரத்தை, ஒரு எறும்புப் புற்றை, ஒன்றும் இல்லாத வானத்தை எடுத்திருக்கிறேன், என் செல் முழுக்க அவன் இளைப்பாறின இடங்கள். அவனைத் தூக்குவது மட்டும் கிடையாது. தூக்கினால் ஒத்துக்கொண்ட மாதிரி. உட்கார்கிறோம். நான் அவன் முகத்தைப் பார்க்கிறேன், அவனுக்கு மூச்சே வாங்கவில்லை, கன்னம் சிவக்கவில்லை, அவன் நன்றாகத்தான் இருக்கிறான், அம்மாவுக்குப் பயம் வந்ததால் உட்கார்ந்திருக்கிறோம். எழுந்து கொஞ்ச தூரம் போனதும் அப்பா செல்லைக் காதில் வைத்து, "சொல்லுங்க மொதலாளி, ஆமா, ஆமா, நாளைக்கு ஏத்திருவோம்" என்று நின்றுவிட்டார். லோகித் அவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்பா, இங்க டவர் இல்ல" என்றான். அப்பா செல்லைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். "அதான் கட்டாயிருச்சு" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. இவனுக்குத் தெரியும். தெரியாமல் எப்படி இருக்கும், டவர் இல்லாததைக் கவனிக்கிறவன் இதைக் கவனிக்க மாட்டானா. இல்லை, தெரியாது, தெரிந்தால் கேட்டிருப்பான். கேட்க மாட்டான், அவன் அம்மா மாதிரி. நான் கேட்டிருப்பேன்.

அம்மா மாதிரி. இந்த இடத்தில் வந்து நான் எப்போதும் சிக்கிக்கொள்கிறேன், முள்ளில் பாவாடை மாட்டுகிற மாதிரி, எடுக்க எடுக்க இன்னொரு முள். இது அம்மா வழியாக வருவது என்று டாக்டர் சொன்னார். அம்மாவுக்கு ஒன்றும் செய்யாது, ஆண்பிள்ளைக்குப் போய் அங்கே வேலையைக் காட்டும். அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. அத்தை பேசினாள், எங்க வம்சத்துல இப்படி ஒண்ணு கெடையாது என்று, சட்டினிக்கு உப்பு பத்தவில்லை என்பதுபோல. அன்றிலிருந்து அம்மா அவனுக்குச் சோறு ஊட்டும்போது மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஊட்டுகிறாள். டாக்டர் அதோடு விடவில்லை, என்னைப் பார்த்து, நீயும் ஒரு டெஸ்ட் எடுத்துக்கம்மா, இப்ப அவசரம் இல்ல, கல்யாணத்துக்கு முன்னாடி, என்றார். அறையில் இருந்த எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், நான் சுவரில் இருந்த எலும்புக்கூடு படத்தைப் பார்த்தேன். எனக்குப் பதினேழு வயது. எனக்குள்ளேயும் அது இருக்கலாம், சும்மா படுத்துக்கொண்டு, ஒரு பையன் வரட்டும் என்று. இந்தக் காட்டில் நடந்துகொண்டிருக்கும்போதும் அது என்கூட நடக்கிறதா. அவன் காலைப் பார்க்கும்போது எனக்கு அழுகை வருவது அவனுக்காகவா எனக்காகவா, அதுகூடச் சுத்தமாகத் தெரியவில்லை. டெஸ்ட் எடுக்க மாட்டேன். எடுப்பேன். கல்யாணமே வேண்டாம். பேக்கரியில் ஜான்சன் என்று ஒருத்தன் எனக்கு மட்டும் தேங்காய் பன்னில் தேங்காய் அதிகம் வைக்கிறான், அவனிடம் இதை எப்படிச் சொல்வது, முதலிலேயே சொல்லிவிட வேண்டும், எதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்பதுதான் என் கட்சி. அப்படிப்பட்டவள் இங்கே ஒரு சீத்தாமரத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டு நிற்கிறேன்.

"அக்கா, அது ஏற்கனவே எடுத்த மரம்" என்கிறான் லோகித். "இது வேற மரம்டா." "அதேதான். நாம அங்கயேதான் இருக்கோம்." திரும்பிப் பார்க்கிறேன், அவன் சொல்வது சரி, போன தடவை உட்கார்ந்த பாறை அங்கேதான் தெரிகிறது. எத்தனை தடவை உட்கார்ந்தோம் என்று எண்ணவில்லை. அம்மாவுக்கு மறுபடி மூச்சு, அப்பாவுக்குச் செருப்பில் கல், ஒரு தடவை மூன்று பேருமே ஒரே நேரத்தில் உட்காரச் சொல்லி லோகித் மட்டும் நின்றுகொண்டிருந்தான், "நீங்க மூணு பேரும் இப்படி வந்தா எப்ப போறது" என்றான். அவன் தலைக்கு மேலே மரத்தில் ஒரு மலையணில் குதித்தது, அதைக் காட்டலாம் என்று நினைப்பதற்குள் போய்விட்டது. இடையில் உண்மையாகவே ஒரு தடவை அவன் தள்ளாடினான், மரவேரில் கால் தட்டி, நான் பிடிப்பதற்குள் அவனே ஒரு கிளையைப் பிடித்துக்கொண்டான். பிடித்துக்கொண்டு எங்களைப் பார்த்தான், யார் இப்போது களைப்படையப் போகிறார்கள் என்று. அம்மா களைப்படைந்தாள். அருவிக்குப் போய்விட்டுத் திரும்புகிறவர்கள் தலை ஈரமாக, உதடு நீலமாக எதிரே வருகிறார்கள், பேச்சு எல்லாம் சத்தமாக இருக்கிறது, தண்ணிக்கு அடியில் நின்றவர்களுக்குக் காது அடைத்திருக்கும். லோகித் வயசுப் பையன் ஒருத்தன் ஓடி வருகிறான், இறக்கத்தில் ஓடாதே என்று அவன் அம்மா கத்துகிறாள், அவன் ஓடுகிறான். லோகித்தைத் தாண்டும்போது, "டேய், வாத்து மாதிரி நடக்குறான்" என்று பின்னால் வருகிறவனிடம் சொல்கிறான். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, பார்த்ததைச் சொன்னான், நானும் அப்படிச் சொல்கிற ஆள்தான். ஆனாலும் அவன் சட்டையைப் பிடித்து ஒரு அறை விட வேண்டும்போல இருந்தது. லோகித் "குவாக்" என்றான். அந்தப் பையன் சிரித்துவிட்டான், லோகித்தும் சிரித்தான், அப்பா கீழே குனிந்து செருப்பில் இல்லாத கல்லைத் தேடினார்.

அப்புறம் சத்தம் கேட்க ஆரம்பித்தது. முதலில் தூரத்தில் லாரி ஏறுகிற மாதிரி, பிறகு அது நிற்காததால் லாரி இல்லை என்று தெரிந்தது. காற்று குளிர்ந்தது, இலையில் எல்லாம் ஈரம். லோகித் வாயை இறுக்கி மூடிக்கொண்டு நடந்தான், இடுப்பு ஆட ஆட, நுனிக்கால் கல்லில் உரச உரச. நான் அவன் பக்கத்திலேயே நடந்தேன், தொடாமல். இப்போது யாரும் உட்காராதீர்கள் என்று மனசுக்குள் கத்தினேன், அம்மா, வாயைத் திறக்காதே, அப்பா, அந்த செல்லைச் சட்டைப்பையிலேயே வை, அவன் போய்விடுவான், அதோ அந்த வளைவுதான், அதற்கப்புறம் தண்ணீர். அம்மா வாயைத் திறந்தாள், "ராசா, ஒரு நிமிஷம்." நான் திரும்பி அவளை முறைத்தேன். அவள் கண்ணில் நிஜமாகவே பயம், அவன் முகம் வெளுத்துப் போனதை அவள் பார்த்துவிட்டாள். சரி, வெளுத்துத்தான் இருந்தது. உட்கார்ந்தோம். இந்தத் தடவை எனக்கு எதையும் போட்டோ எடுக்கத் தோன்றவில்லை. அருவி அங்கேயே, வளைவுக்குப் பின்னால், எங்களுக்குத் தெரியாமல் விழுந்துகொண்டிருந்தது, எங்கள் முகத்தில் தூறல் பட்டது, அவ்வளவு பக்கம். அப்போது விசில் அடித்தார்கள்.

நான் நம்பவில்லை. அப்பா செல்லை எடுத்துப் பார்த்தார், மூன்று. அரை மணி நேரப் பாதையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறோம். வளைவிலிருந்து ஆட்கள் துண்டைப் பிழிந்துகொண்டே வருகிறார்கள், கீழேயிருந்து அதே வாட்சர் ஏறி வருகிறார், எங்களைப் பார்த்து நின்றுவிட்டார். "என்னங்க, நீங்க இன்னும் போகவே இல்லியா?" அவர் லோகித்தின் காலைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், கையிலிருந்த விசிலை விட்டுவிட்டார். "சரி, ஒண்ணு பண்ணுங்க. தம்பியத் தூக்கிக்கிட்டு வெரசா போய்ப் பாத்துட்டு ஓடியாந்துருங்க. நான் இங்கயே நிக்கேன். நடக்க விட்டா நேரமாயிரும்." நல்ல மனுஷன். அவர் அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டார், நாங்கள் இத்தனை மாதமாகச் சொல்லாத வார்த்தையை, தூக்கிக்கொண்டு. அப்பா லோகித்துக்கு முன்னால் போய்க் குத்தவைத்து முதுகைக் காட்டினார். சட்டை முதுகில் வியர்வை ஒரு பெரிய இலை மாதிரி ஒட்டியிருந்தது. மூட்டை தூக்கித் தூக்கி அகலமான முதுகு. அந்த முதுகு காத்திருந்தது. ஏறுடா, நான் நினைத்தேன், ஏறித் தொலை, பார்த்துவிட்டு வா, வேறு எதற்கு வந்தோம். லோகித் அந்த முதுகையே பார்த்தான். பிறகு அதன்மேல் கையை வைத்தான், ஏறப் போகிறான் என்று நினைத்தேன், அதை ஊன்றிக்கொண்டு எழுந்து நின்றான். "வேணாம்ப்பா. நான் நடந்தே எறங்குறேன்." "அருவி, ராசா" என்றாள் அம்மா, "இந்தா, பக்கத்துல." "இருக்கட்டும்மா. அது அங்கதான இருக்கும்." திரும்பி இறங்க ஆரம்பித்துவிட்டான். அப்பா இன்னும் குத்தவைத்தே இருந்தார், முதுகில் யாரும் இல்லாமல், நான் போய்க் கையைப் பிடித்து எழுப்பினேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

இறக்கம் அவனுக்கு ஏற்றத்தைவிடக் கஷ்டம், முட்டி மடங்கிவிடும். வாட்சர் எங்களுக்குப் பின்னால் வந்தார், அவசரப்படுத்தவில்லை, அதற்காக அவருக்கு ஒரு கும்பிடு. அம்மாவும் அப்பாவும் முன்னால். ஒருத்தருக்கும் களைப்பு வரவில்லை. எங்களால்தான் போனது என்று மூன்று பேருக்கும் தெரிந்துவிட்டது, அவன் கால் அவனை வளைவு வரைக்கும் கொண்டுபோய் விட்டிருக்கும், நாங்கள்தான் விடவில்லை, பாசமாக, மூச்சு வாங்கி மூச்சு வாங்கி. பாதி வழியில் லோகித் நின்றான். "அக்கா, முடியல. உக்காரணும்." இதை அவன் சொல்லி நான் கேட்டதே இல்லை. கல்லில் உட்கார வைத்தேன், நானும் உட்கார்ந்தேன். "நேரம் இருக்கு, உக்காரட்டும்" என்றார் வாட்சர், சொல்லிவிட்டுக் கொஞ்சம் தள்ளிப் போய் முதுகைக் காட்டி நின்றார். அவன் தன் தொடையைத் தானே பிசைந்துகொண்டு, நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "நாளைக்கு நடக்க முடியாதுல்ல?" என்றான். "ஏன்டா?" "இன்னியோட கடைசிதான? அதான எல்லாரும் லீவு போட்டு வந்தீங்க. அப்பா லோடு விட்டுட்டாரு. நீ காலையிலருந்து என்னைத் திட்டவே இல்ல." இத்தனை நாள் இதை வைத்துக்கொண்டா தூங்கினான், நாளை எழுந்தால் கால் இருக்காது என்று நினைத்துக்கொண்டா குவாக் என்றான். முன்னால் அம்மா நின்றுவிட்டாள், திரும்பவில்லை, அவள் தோள் கேட்டுக்கொண்டிருந்தது. நான் என் கையைப் பார்த்தேன், அவன் தலைமேல் வைத்த கை. போகட்டும். "கடைசி இல்லடா. நாளைக்கும் நடப்ப. பன்னெண்டு வயசு வரைக்கும் நடப்பன்னு டாக்டர் சொன்னார். அதுக்கப்புறம் வீல் சேர்." சொல்லிவிட்டேன். காட்டில் ஒன்றும் நடக்கவில்லை, சில்வண்டு அறுத்துக்கொண்டே இருந்தது. அவன் விரலை மடக்கி எண்ணினான், என்னைப் பார்த்தான், நான் பொய் சொல்கிற ஆள் இல்லை என்று அவனுக்குத் தெரியும், அதனால்தான் என்னைக் கேட்டிருக்கிறான். "மூணு வருஷமாக்கா?" "ஆமா." அவன் முகத்தில் ரத்தம் திரும்பி வந்ததை நான் பார்த்தேன், கண்ணால் பார்த்தேன். "மூணு வருஷம்னா நெறையல்ல" என்றான். "அப்ப அடுத்த லீவுக்கு வருவோம்க்கா. இவங்க ரெண்டு பேரையும் நடுவுல உக்கார விடக் கூடாது. நேரா போயிரணும், அந்த வளைவுக்கு." ஏறுவது முதலில் போகும். அது என் பல் வரைக்கும் வந்து நின்றது. அவன் பதிலுக்காக என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். "வரலாம்டா" என்றேன்.